மூன்றடிப் பாதையை மேசைமேல் போட்ட கதை: உப்சாலா–லென்னா, 1:45 அளவில்

வளைவில் மாதிரி ரயில் வண்டி சிக்காமல் ஓடுகிறது. விரலால் லேசாகத் தள்ளிவிட்டால் பலகையின் இந்த முனையில் கிளம்பி அந்த முனைவரை போய் நிற்கிறது. சக்கரம் எங்கும் பிடிக்கவில்லை, தடம் புரளவில்லை. செய்தது இன்னும் மறக்காமல் இருக்கும்போதே அளவு, செலவு, எங்கே இடறியது எல்லாவற்றையும் எழுதிவைக்கிறேன். சுவீடனின் கிளை ரயில் பாதைகளை மாதிரியாகச் செய்ய நினைக்கும் தமிழர் எவருக்காவது உதவும்.

செய்தது இவ்வளவுதான்: 120 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலப் பலகையில் ஒற்றை ரயில் பாதை, மென்மையான ஒரு வளைவு, வண்டிப்பாதை குறுக்கிடும் ஓர் இடம், சிவப்பு வண்ணத்தில் சின்னக் காத்திருப்புக் கொட்டகை, பால் கேன் வைக்கும் மரமேடை, திறந்த சரக்குப் பெட்டி ஒன்று. மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. சுவீடனின் உப்சாலா நகரிலிருந்து கிழக்கே போகும் பாதையில், குன்ஸ்டாவுக்கும் மாரியெலுண்டுக்கும் நடுவே வயல் முடிந்து காடு தொடங்கும் நிலப்பரப்பை மனதில் வைத்துச் செய்தேன். குறிப்பிட்ட ஓரிடத்தின் அச்சு நகலாகச் செய்யவில்லை. காலம் 1950-களின் ஒரு கோடை.

அந்தப் பாதையைப் பற்றிச் சொல்லாமல் வேலையைச் சொல்ல முடியாது. ஏனென்றால் என் பலகையில் இருக்கும் ஒவ்வொரு அளவும் அதன் வரலாற்றிலிருந்து வந்தது.

சுவீடனில் பெரிய பாதைகளை அரசு போட்டது. ஸ்டாக்ஹோமிலிருந்து உப்சாலாவுக்கு 1866-ல் ரயில் வந்துவிட்டது. உப்சாலாவிலிருந்து வடக்கே யெவ்லெவுக்கு 1874-ல் ஒரு தனியார் கம்பெனி பாதை போட்டது. இரண்டும் 1,435 மி.மீ. அகலம், அதாவது உலகப் பொது அளவு. ஆனால் உப்சாலாவுக்குக் கிழக்கே கிடந்த கிராமங்களுக்கும், லென்னா பக்கத்து இரும்புக்கும் மரத்துக்கும் அந்த அளவில் பாதை போடக் கட்டுப்படியாகாது. அங்கே போட்டதுதான் உப்சாலா–லென்னா ரயில்வே. 1876-ல் ஓடத் தொடங்கியது. அகலம் மூன்று சுவீடிஷ் அடி.

சுவீடிஷ் அடி என்பது 296.9 மி.மீ. மூன்றால் பெருக்கினால் 890.7. மெட்ரிக் முறை அங்கே முழுமையாகக் கட்டாயமானது 1889-ல்தான். அதற்குமுன் போட்ட பாதைகள் அடிக்கணக்கிலேயே நின்றுவிட்டன. முழு எண்ணாக்கி 891 மி.மீ. என்று எழுதுகிறார்கள். இந்த அளவு ஏறக்குறைய சுவீடனுக்கு மட்டுமே உரியது. கடைகளில் இதற்கென்று மாதிரித் தண்டவாளம் எளிதில் கிடைக்காததற்கும் அதுதான் காரணம்.

பாதை குறுகினால் எல்லாமே குறுகும். மண்மேடு ஒடுங்கும், ஸ்லீப்பர் கட்டை குட்டையாகும், தண்டவாளம் லேசாகும், எஞ்சின் சிறுக்கும், வளைவைக் கூர்மையாகப் போடலாம், மலையைக் குடையாமல் சுற்றிப் போகலாம். சிக்கனம்தான் அந்தப் பாதையின் உடலமைப்பு. மாதிரி செய்கிறவர் இந்தச் சிக்கனத்தை எங்காவது ஓரிடத்தில் விட்டுவிட்டால், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் பார்வைக்கு அது வேறு நாட்டுப் பாதையாகத் தெரியும். எனக்கு இது புரிய மூன்று தடவை வெவ்வேறு இடங்களில் முட்ட வேண்டியிருந்தது: அகலத்தில், சரளையில், வண்ணத்தில்.

அகலம்

1:87, அதாவது நிஜத்தை 87-ல் ஒரு பங்காகச் சுருக்குவதுதான், மாதிரி ரயிலில் பரவலான அளவு. அதில் 891 மி.மீ. என்பது 10.24 மி.மீ. ஆகும். கடையில் கிடைக்கும் குறும்பாதை 9 மி.மீ.; திருப்பிப் பெருக்கினால் 783. இன்னொன்று 12 மி.மீ.; அது 1,044. ஒன்றில் பாதை பொம்மை மாதிரி ஒடுங்குகிறது, இன்னொன்றில் மீட்டர் கேஜைத் தாண்டிவிடுகிறது. 10.5 மி.மீ. என்று ஒன்று உண்டு, அது 913-க்கு வரும். அந்த அளவில் அகலம் கிட்டத்தட்டப் பொருந்தும். ஆனால் எனக்குக் கண்ணுக்குத் தெரிகிற அளவில் கட்டையும் ஆணியும் வேண்டும் என்பதால் 1:45-க்குப் போனேன். 891-ஐ 45-ஆல் வகுத்தால் 19.8 மி.மீ.

முதலில் 1:87-க்கான சாதாரண 16.5 மி.மீ. தண்டவாளத்தையே 1:45 மேடையில் வைத்துப் பார்த்தேன். பலரும் அப்படிச் செய்வதுண்டு, வேலை மிச்சம். ஆனால் அது 742 மி.மீ. பாதைக்குச் சமம். அட்டையில் அளவெடுத்து வெட்டிய ரயில் பெட்டியை அதன்மேல் வைத்ததும் பெட்டி தலைகனத்து நின்றது. உப்சாலா கிழக்கு நிலையத்தில் ஆர்வலர்கள் ஓட்டும் கோடை ரயில் நிற்கும்போது முன்னால் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: அந்தப் பெட்டிகள் குட்டையாக இருந்தாலும் பாதைமேல் உறுதியாக உட்கார்ந்திருக்கும். அந்தத் தோற்றம் வரவேயில்லை. ஆகவே தண்டவாளத்தை நானே போடுவது என்று முடிவானது.

கையால் பாதை போட முதல் தேவை கேஜ் கட்டை. இரண்டு தண்டவாளங்களின் உள்முகங்களுக்கு நடுவே சரியாக 19.8 மி.மீ. நிற்க வேண்டும். இரும்புக் கடையில் 20 மி.மீ. அகல அலுமினியப் பட்டை கிடைத்தது. 4 செ.மீ. நீளத்தில் மூன்று துண்டு வெட்டி, மூன்றையும் சேர்த்து வைஸில் இறுக்கி, மட்ட அரத்தால் ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்தேன். 0.2 மி.மீ.தான் எடுக்க வேண்டும். அலுமினியம் மென்மையானது, பத்துத் தடவை தேய்த்தால் போதும் என்று தோன்றும், ஆனால் அரத்தின் பல்லில் பொடி அடைத்துக்கொண்டு கோடு விழும். அரத்தில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் அடைக்காது. நாலைந்து இழுப்புக்கு ஒரு முறை வெர்னியரால் இரண்டு ஓரத்தையும் நடுவையும் அளந்தேன். ஓரம் 19.78, நடு 19.82 வந்ததும் நிறுத்திவிட்டேன். அதற்குமேல் துல்லியம் இந்த வேலைக்குத் தேவையில்லை.

கட்டையும் தண்டவாளமும்

கட்டைகளை 1.8 மீட்டர் நீளம் என்று எடுத்துக்கொண்டேன்; 1:45-ல் அது 40 மி.மீ. ஆகும். அகலம் 4 மி.மீ., தடிமன் 3 மி.மீ. கட்டைக்குக் கட்டை 16 மி.மீ., அதாவது நிஜத்தில் 72 செ.மீ. முழு நீளத்துக்கு 75 கட்டை. நான்கில் ஒன்று செப்புத் தகடு ஒட்டிய சர்க்யூட் பலகைத் துண்டு, மற்ற மூன்றும் லிண்டன் மரக்குச்சி. செப்புக் கட்டைமேல் தண்டவாளத்தை ஈயத்தால் பற்றவைத்துவிட்டால் மரக்கட்டை சும்மா அடியில் ஒட்டியிருந்தால் போதும். செப்புத் துண்டின் நடுவில் குறுக்காக அரத்தால் ஒரு கீறல் போட்டுச் செம்பைப் பிரித்துவிட்டேன். இப்போது மின்சாரம் இல்லை என்றாலும் பின்னால் மோட்டார் வண்டி வாங்கினால் ஷார்ட் ஆகாது. கீறலை மரமாவு கலந்த பசையால் நிரப்பி வண்ணம் பூசினால் தெரியாது.

கட்டைகளைப் பளபளப்பாக விடக்கூடாது. பழைய கம்பித் தூரிகையால் நீளவாக்கில் இழுத்து நார்க்கோடு வரவழைத்து, பிறகு கறுப்பு மையை நிறைய நீரில் கரைத்து நனைத்தேன். வினிகரில் இரும்புக் கம்பளியை ஊறவைத்த நீரும் நல்ல சாம்பல் நிறம் தரும். இரண்டையும் கலந்து பூசியதில் கட்டைக்குக் கட்டை நிறம் வேறுபட்டது. அதுதான் வேண்டும். கிளைப் பாதையில் கட்டைகளை ஒரே சமயத்தில் மாற்றுவதில்லை. கெட்டது மட்டும் போகும், பக்கத்தில் பழையது இருக்கும்.

தண்டவாளத்தின் உயரம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் விற்கிறார்கள். கோட் 100 என்றால் 2.54 மி.மீ.; 45-ஆல் பெருக்கினால் 114 மி.மீ. உயரத் தண்டவாளம். முக்கியப் பாதைக்கே உரிய கனம். கோட் 75 என்றால் 1.9 மி.மீ., அதாவது சுமார் 86 மி.மீ. லேசான கிளைப் பாதைக்கு அதுதான் பொருத்தம். வாங்கிய தண்டவாளம் 91 செ.மீ. துண்டுகளாக வந்தது. நிஜத்தில் அந்தக் காலத் துண்டு 10 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, 22 செ.மீ.க்கு ஒரு முறை தலையில் மெல்லிய ரம்பத்தால் ஒரு கீறல் போட்டேன். இரண்டு பக்கமும் பித்தளைத் தகட்டில் ஃபிஷ் பிளேட் (தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் தகடு) வெட்டி ஒட்டினேன். இப்போது வண்டியைத் தள்ளினால் அந்தக் கீறல்மேல் ‘டிக்… டிக்’ என்று சத்தம் வருகிறது. எதிர்பார்க்கவே இல்லை.

பற்றவைக்க 60 வாட் அயர்ன், உளிமுனை. முனை சின்னதாக இருந்தால் தண்டவாளம் சூட்டை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு ஈயம் உருண்டையாகவே நிற்கும். ஃப்ளக்ஸ் (ஈயம் பரவ உதவும் பசை) தாராளமாக, ஈயம் கொஞ்சமாக. 0.7 மி.மீ. ஈயக் கம்பியில் 3 மி.மீ. துண்டாக நறுக்கி, தண்டவாளத்தின் வெளிப்புறக் காலடியில் வைத்து, அயர்னை இரண்டு நொடி. உள்புறத்தில் ஒருபோதும் வைக்கக்கூடாது. சக்கர விளிம்பு இடிக்கும்.

வளைவில் பிடித்தது

நேர்ப்பகுதி முதல் முயற்சியிலேயே சரியாக வந்தது. வளைவு 2.2 மீட்டர் ஆரம், நிஜத்தில் 100 மீட்டர் அளவு. கேஜ் கட்டையை வைத்துத்தான் ஒவ்வொரு இடத்தையும் பற்றவைத்தேன். கட்டையை எடுத்துவிட்டு வண்டியைத் தள்ளினால் வளைவின் நடுவில் நின்றுவிடுகிறது. வெர்னியரால் அளந்தால் பற்றவைத்த இடங்களில் 19.8, இரண்டு பற்றுக்கு நடுவில் 19.4. சக்கர விளிம்புக்கு விளிம்பு 19.3 இருந்ததால் அசைய இடமே இல்லை.

காரணம் இரண்டு. தண்டவாளத்தை முன்கூட்டி வளைக்காமல், பற்றவைக்கும்போது அழுத்திப் பிடித்து வளைத்ததால், அது நிமிரப் பார்க்கிறது. பற்று இல்லாத இடத்தில் உள்ளே நெளிகிறது. இரண்டாவது காரணத்தை என் மாமா சொன்னார். ரயில்வேயில் கீமேனாக, அதாவது தண்டவாளத்தைச் சோதித்துப் பராமரிப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடியோவில் பாதையைக் காட்டினேன்.

“நேர்ல எவ்வளவு கேஜ் வச்சிருக்க, மாப்ளே?”

“பத்தொம்பது புள்ளி எட்டு, மாமா.”

“வளைவுல?”

“அதேதான்.”

“அங்கதான் புடிக்குது. ரெண்டு அச்சும் பெட்டிக்கடியில விறைச்சுக்கிட்டு நிக்குதுல்ல, வளைவுல திரும்ப அதுக்கு எடம் வேணாமா? கூர்மையான வளைவுன்னா நாங்க கேஜைக் கொஞ்சம் விட்டுத்தான் போடுவோம். நாலு நூல் வரைக்கும் விடலாம். உன் அளவுல அது எவ்வளவு வருதுன்னு நீயே கணக்குப் போட்டுக்கோ.”

நாலு நூல் என்றால் அரை அங்குலம், 12.7 மி.மீ. 45-ஆல் வகுத்தால் 0.28. அலுமினியத் துண்டு ஒன்றின் ஓரத்தில் மெல்லிய தாமிரத் தாளை ஒட்டி 20.1 ஆக்கி, அதை வளைவுக்கென்று வைத்துக்கொண்டேன்.

பழைய பற்றை எல்லாம் உருக்கி எடுத்து, தண்டவாளத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பலமுறை இழுத்து இழுத்து வளைத்தேன், மேசைமேல் வைத்தால் தானாகவே கோட்டின்மேல் படுகிற வரைக்கும். வெளித் தண்டவாளத்தை முதலில் முழுவதும் போட்டேன். பிறகு உள் தண்டவாளத்தை நடுவில் ஒன்று, இரு முனையில் ஒன்றொன்று, இடையில் ஒன்று என்று தாவித் தாவிப் பற்றவைத்தேன். வரிசையாகப் போனால் சூடு சேர்ந்து தண்டவாளம் நீளும், ஆறும்போது இழுக்கும். வளைவில் மட்டும் செப்புக் கட்டையை நான்கில் ஒன்றிலிருந்து இரண்டில் ஒன்றாக்கினேன். இப்போது எங்கே அளந்தாலும் 20.0-க்குக் கீழே இறங்கவில்லை.

சரளை

வாங்கிய சரளைப் பொட்டலத்தைக் கொட்டி ஒட்டியதும் எல்லாமே கெட்டது போலத் தெரிந்தது. கூர்மூலைச் சாம்பல் கற்கள், கட்டைக்கு நடுவே பளிச்சென்று. அது இன்றைய அதிவேகப் பாதையின் ஜல்லி. சிக்கனமான கிளைப் பாதைக்குக் கல்லுடைத்துக் கொண்டுவந்து போடுவார்களா? பக்கத்துக் குழியில் தோண்டிய சரளை மண்ணைத்தான் போட்டார்கள். உப்சாலா வட்டாரத்தில் பனிப்பாறைகள் உருகியோடிய காலத்து மணல்-சரளை மேடுகள் நீளநீளமாகக் கிடக்கின்றன. உப்சாலா கோட்டையே அப்படி ஒரு மேட்டின்மேல்தான் நிற்கிறது. சரளைப் பாதையில் கட்டை பாதி புதைந்திருக்கும். ஓரத்தில் புல் வரும்.

அளவைக் கணக்கிட்டால், நிஜத்தில் 2 செ.மீ. கூழாங்கல் 1:45-ல் 0.44 மி.மீ. அது மணல். குழந்தைகள் விளையாடும் மணல் மூட்டை ஒன்றை எடுத்து 120 டிகிரியில் அரை மணி நேரம் அடுப்பில் சுட்டு (ஈரமும் பூச்சியும் போக), டீ வடிகட்டியில் சலித்தேன். வடிகட்டிக்குக் கீழே விழுந்தது பாதைக்கு, மேலே நின்றது வண்டிப்பாதை ஓரத்துக்கு. பிறகு பிளாஸ்டிக் பையில் சுற்றிய காந்தத்தை மணலில் ஒரு சுற்று விட்டேன். கறுப்புத் தூள் கொஞ்சம் ஒட்டியது. பின்னால் மோட்டார் வைக்கப் போகிறவர்கள் இதைத் தவறவிடாதீர்கள், அந்தத் தூள் மோட்டாருக்குள் போய்ச் சேரும்.

முதல் சரளையை முழுக்கச் சுரண்டி எடுத்தேன். வெந்நீரில் நனைத்த துணியை இரவெல்லாம் போட்டுவைத்தால் வெள்ளைப் பசை இளகிவிடும். கட்டைகள் அசையாமல் வந்ததற்குச் செப்புக் கட்டைகள்தான் காரணம். புது மணலைக் காய்ந்தபடியே பரப்பி, மென்மையான தூரிகையால் கட்டை மட்டம்வரை நிரவி, தெளிப்பானால் நனைத்து, ஒரு பங்கு மரப்பசைக்கு மூன்று பங்கு நீர், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு கலந்து சொட்டு மருந்துக் குழாயால் விட்டேன். சோப்பு இல்லாவிட்டால் பசை மணல்மேல் முத்துமுத்தாக நிற்கும். காய்ந்ததும் நிறம் ஒரு படி கறுக்கும், ஆகவே மணலை வெளிர் நிறத்தில் தேர்ந்தெடுப்பது நல்லது.

வடித்த டீத்தூளைக் காயவைத்துக் காட்டுத் தரைக்குத் தூவினேன். ஊசியிலை மரங்களின் அடியில் கிடக்கும் பழுப்புச் சருகுக்கு அதைவிடப் பொருத்தமானதைக் கடையில் நான் பார்த்ததில்லை. மரங்கள், முறுக்கிய கம்பிக்கு நடுவே கயிற்று நாரைச் செருகுகிற வழக்கமான முறைதான். மேட்டின் சரிவில் ஊதா லூபின் பூக்கள், சுவீடனின் சாலை ஓரத்திலும் ரயில் ஓரத்திலும் ஜூன் மாதம் பார்ப்பது.

சிவப்பு

கொட்டகையின் நிஜ அளவை 2.4-க்கு 1.8 மீட்டர் என்று வைத்துக்கொண்டேன். 53-க்கு 40 மி.மீ. செங்குத்துப் பலகை, இடைவெளிமேல் மெல்லிய சட்டம், மூலைகளில் வெள்ளைப் பட்டை. கூரைக்குத் தார்த்தாள், நான் 400 எண் உப்புத்தாளைப் பட்டையாக நறுக்கி ஒட்டினேன்.

இங்கே வண்ணம் எதைப் பூசுவது என்பதுதான் கேள்வி. சுவீடன் கிராமத்தின் அந்தச் சிவப்பு ஃபாலுன் சுரங்கத்தின் சிவப்பு. செம்புச் சுரங்கத்தின் கழிவு மண்ணில் இரும்பு ஆக்சைடு நிறைய. அதைக் கழுவி, சுட்டு, அரைத்துப் பொடியாக்குகிறார்கள். சுரங்கம் 1992-ல் மூடப்பட்டது, 2001-ல் உலகப் பாரம்பரிய இடமானது, வண்ணப் பொடி மட்டும் இன்றும் வருகிறது. நாடு முழுவதும் இது பரவியதற்குக் காரணம் விலை. எண்ணெய் வண்ணம் பணக்கார வீட்டுக்கு; இது மாவும் நீரும் சேர்த்துக் காய்ச்சுகிற மலிவு வண்ணம். ஆகவே அந்தப் பொடியையே வாங்கிக் காய்ச்சிப் பார்த்தேன்.

பழைய கணக்கு 50 லிட்டர் நீருக்கு 2 கிலோ இரும்பு சல்பேட், 2.5 கிலோ கம்பு மாவு (நம் கம்பு அல்ல, ரை என்ற குளிர்நாட்டுத் தானியம்), 8 கிலோ சிவப்புப் பொடி. நான் கால் லிட்டருக்குச் சுருக்கினேன்: 10 கிராம் சல்பேட், 12 கிராம் மாவு, 40 கிராம் பொடி. நீர் கொதித்ததும் சல்பேட்டைக் கரைத்து, மாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிண்டி, கால் மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். சுவரொட்டி ஒட்டக் காய்ச்சும் மைதாப் பசையைப் போலவே கெட்டியாகி, கரண்டியில் நூல் இழுக்கும். பிறகு பொடி, இன்னும் கால் மணி நேரம். கடைசியில் கொஞ்சம் பச்சை (காய்ச்சாத) ஆளி எண்ணெய். சல்பேட் பூஞ்சையைத் தடுக்கும், மாவு பிடிப்புத் தரும். இதற்கு எடுத்த பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்கக்கூடாது. ஜன்னலைத் திறந்துவையுங்கள், வாடை நிற்கும்.

பூசியதில் இரண்டு பிரச்சினை. 1.5 மி.மீ. மரச்சுவர் ஒரு பக்கம் மட்டும் நனைந்ததால் படகுபோல் வளைந்தது. உள்பக்கம் குறுக்குச் சட்டம் ஒட்டி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பூசி, கண்ணாடித் தகட்டுக்கடியில் காயவைத்தபோது நேராக நின்றது. இன்னொன்று, இழைத்த மரத்தில் இந்த வண்ணம் பிடிக்காது, விரலில் ஒட்டிக்கொண்டு வரும். நிஜத்திலும் அறுத்த சொரசொரப்பு மாறாத பலகையில்தான் இதைப் பூசுவார்கள். 120 எண் உப்புத்தாளால் மேலிருந்து கீழாக மட்டும் தேய்த்தபின் பிடித்தது. மாவுக் கட்டிகள் 1:45-ல் செங்கல் அளவுக்குத் தெரியும், ஆகவே பழைய வேட்டித் துணியில் வடிகட்டியாக வேண்டும். நிஜச் சுவரில் சரியாகத் தெரியும் சிவப்பு சின்னச் சுவரில் இருண்டு தெரிந்தது; சாக்பீஸ் பொடி கொஞ்சம் கலந்தேன்.

காய்ந்தபின் வந்த பரப்பு, அக்ரிலிக் எத்தனை பூச்சுப் பூசினாலும் வராதது. ஒளி அதில் படிந்து மங்குகிறது, திரும்பி வருவதில்லை.

பால் மேடை அரை மணி நேர வேலை. நான்கு கால், மேலே பலகை. கேன்கள் அலுமினியக் குழாயை டிரில்லில் சுழற்றி அரத்தால் கழுத்தெடுத்தவை. சுவீடனின் கிளைப் பாதைகள் மரத்தையும் இரும்பையும் மட்டும் சுமக்கவில்லை, பண்ணைப் பாலையும் சுமந்தன. லாரி வந்து பண்ணை வாசலிலேயே கேனை எடுக்கத் தொடங்கியதும் அந்தச் சரக்கு முதலில் போனது.

வண்டி

பெட்டி 120 மி.மீ. நீளம், 44 மி.மீ. அகலம், அச்சுக்கு அச்சு 60 மி.மீ. 16.5 மி.மீ. பாதைக்கான சக்கரங்களை வாங்கி, அச்சைக் கழற்றி, 2 மி.மீ. எஃகுக் கம்பியில் மறுபடி ஏற்றினேன். சக்கரங்களின் உள்முக இடைவெளி 14.4 இருந்ததை 17.7 ஆக்கினேன், பாதை அகலம் 3.3 கூடியதால் அதே 3.3. ஒரு அச்சை இறுக்கமாகவும் மற்றதை நடுவில் ஆணிமேல் லேசாக ஆடும்படியும் வைத்தால் நான்கு சக்கரமும் எப்போதும் பாதையைத் தொடும். பெட்டி 28 கிராம்தான் இருந்தது, தரைக்கடியில் ஈயத் தகடு ஒட்டி 60 கிராம் ஆக்கியதும் கீறல்மேல் துள்ளுவது நின்றது.

செலவு

தண்டவாளம் 200 சுவீடிஷ் குரோனா, செப்புப் பலகை 120, மரக்குச்சிகள் 150, பிளைவுட்டும் சட்டமும் 220, அலுமினியம் 60, ஈயமும் ஃப்ளக்ஸும் 140, சக்கரங்கள் 90, சிவப்புப் பொடி 100, சல்பேட் 60, புல், பூ, மரம் 250. மொத்தம் 1,390. பொடியும் சல்பேட்டும் இன்னும் பத்துக் கொட்டகைக்கு மிச்சம் இருக்கின்றன. வெர்னியரும் அயர்னும் ஏற்கெனவே என்னிடம் இருந்தவை. வீணானது அந்த முதல் சரளைப் பொட்டலமும் 16.5 மி.மீ. தண்டவாளமும்.

அடுத்த முறை மாற்றப் போவது: வளைவுக்கான கேஜ் கட்டையைத் தொடக்கத்திலேயே தனியாகத் தேய்த்துவைப்பேன். கட்டைகளை நிறமேற்றிய பிறகே ஒட்டுவேன். சரளையைப் பலகையில் போடுமுன் ஒரு அட்டைத் துண்டில் ஒட்டிக் காயவைத்துப் பார்ப்பேன்.

அடுத்த பலகைக்குப் பொருளும் முடிவாகிவிட்டது. உப்சாலா–லென்னா பாதை 1884-ல் கடற்கரை ஊரான நோர்டெல்யே வரை நீண்டது. 1885-ல் ஸ்டாக்ஹோமிலிருந்து வந்த பாதையோடு ரிம்பூவில் சேர்ந்தது. ரூஸ்லாகென் வட்டாரம் முழுவதும் மூன்றடிப் பாதை ஒரு வலையாக ஆனது. ஆனால் உப்சாலாவில் அரசுப் பாதையின் அகலம் வேறு. கிழக்கேயிருந்து வந்த ஒவ்வொரு மூட்டையையும் கட்டையையும் அங்கே இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். பாதை போடும்போது மிச்சம் பிடித்த பணம், சரக்கு மாற்றும் கூலியாக ஆண்டுக்காண்டு திரும்பப் போனது. லாரி வந்தபின் அந்தக் கூலியைத் தாங்க முடியவில்லை. பொதுமக்களுக்கான தனியார் ரயில் பாதைகளை எல்லாம் அரசே ஏற்பதென்று நாடாளுமன்றம் 1939-ல் முடிவெடுத்தது. ரூஸ்லாகென் பாதைகள் 1959-ல் அரசு ரயில்வேயில் கரைந்தன. 1960-களில் உப்சாலாவின் மூன்றடிப் பயணிகள் ரயில் நின்றது. ஆர்வலர்கள் 1974-ல் கோடை ரயிலாக மீண்டும் ஓட்டத் தொடங்கி, உப்சாலாவிலிருந்து ஃபாரிங்கே வரை 33 கி.மீ. இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டாக்ஹோமின் வடகிழக்குப் புறநகருக்கு அதே 891 மி.மீ. பாதையில் தினமும் மின்சார ரயில் போகிறது.

அந்தச் சரக்கு மாற்றும் மேடையைத்தான் செய்யப் போகிறேன். 1:45-ல் பொதுப் பாதை 1,435 என்பது 31.9 மி.மீ.; கடையில் 32 மி.மீ. தண்டவாளம் ஆயத்தமாகவே கிடைக்கிறது, அந்தப் பக்கம் கையால் போட வேண்டியதில்லை. நடுவில் ஒரே மரமேடை, ஒரு பக்கம் 32, மறுபக்கம் 19.8. இரண்டு பெட்டிகளின் தரை மட்டமும் வேறு என்பதால் மேடையின் உயரத்தை எந்தப் பெட்டிக்கு ஒப்ப வைப்பது என்பதை இப்போது அட்டையில் வெட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குறும்பாதைப் பக்கத்துத் தண்டவாளத்தை 4 மி.மீ. உயர்த்திப் போட்டால் தரை இரண்டும் ஒன்றாகிவிடுகிறது.